உன் அம்மா லிஃப்ட் ஏறிய கதை

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அம்மா என்னைவிட நலம், அதனால்தான் நான் கொஞ்சம் குறைச்சலாக நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இடம் பிடித்துக்கொண்டு வாடகையும் கொடுக்காமல் உன்னையே உதைத்துக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி ரவுடியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார், ஏதாவது வம்போ என்று நெஞ்சில் கை வைக்காதே, வம்பு ஒன்றும் இல்லை. போனில் பேசினால் உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறாள். நான் ஒரு வார்த்தை பேசினால் அவள் அதில் மூன்று வார்த்தை திருத்துகிறாள். இப்போது நான் சொல்லப்போகிற விஷயமோ அவள் காதில் விழவே கூடாது. அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கருவி அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, கொக்கு தன் பழைய டைரியிலிருந்து கிழித்துக் கொடுத்த தாளில் எழுதுகிறேன். கொக்கை உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு லிஃப்ட் வேலை செய்கிற நெட்டைக்கால் மெக்கானிக், உன் கல்யாணத்தில் பந்தல் விளக்கை ஏணி இல்லாமல் மாட்டினானே, அவன்தான். எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போ. நான் பள்ளிக்கூடத்துக்குள் படித்ததைவிட அதன் மதில் சுவரில் ஏறிக் குதித்ததுதான் அதிகம், உயரத்தில் வேலை பார்க்க எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான். இன்னொன்று, அம்மா வருகிறாளா இல்லையா என்று பார்க்கக் கடைசித் தாளை முதலில் புரட்டாதே. உன்னை எனக்குத் தெரியும். ஒழுங்காக வரிசையாகப் படி.

போன மாதம் டாக்டர் பிரசவத் தேதி சொன்ன அன்று நீ போன் செய்தாயே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அம்மா வருவாளா என்று நீ கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அப்படி ஒரு வெளிச்சம். எத்தனையாவது மாடி என்று கேட்டாள். நீ முப்பத்தெட்டு என்றாய். அவ்வளவுதான், வெளிச்சம் போய்விட்டது, ஃபியூஸ் பிடுங்கின மாதிரி. "அவ்வளவு உசரத்துல மனுஷங்க எதுக்குடி இருக்கணும், காக்கா கூட அங்க வராதே, நீ கீழ்வீடு ஒண்ணு பாத்து மாறிடு, நான் அன்னைக்கே கிளம்பி வர்றேன்" என்றாள். மாப்பிள்ளை பாவம், வயிற்றுப்பிள்ளையோடு எப்படி அத்தை வீடு மாற்றுவது என்று மென்று முழுங்கினார். "அப்ப நான் படி ஏறியே வந்துடறேன்" என்றாள். நான் சும்மா இருப்பேனா, "நீ ஏறி முடிக்கிறதுக்குள்ள பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து உனக்குக் கதவைத் திறக்கும்" என்றேன். நீ சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "பரவாயில்லப்பா, அம்மா வரலைன்னாலும் நான் பாத்துக்கறேன்" என்றாய். உன்னுடைய 'பரவாயில்லை' எனக்குத் தெரியாதா. சின்ன வயதில் பொம்மையின் கை உடைந்தபோதும் இதே மாதிரி பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அதற்குப் போர்வை போர்த்தி நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள்தானே நீ. இரண்டு நாள் கழித்து நான் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து எனக்கு மட்டும் போன் செய்து, "ரொம்பப் பயமா இருக்குப்பா, அம்மாகிட்ட சொல்லாதீங்க, அவங்க தன்னாலதான்னு வருத்தப்படுவாங்க" என்றாய் பார், அதை நான் இன்றுவரை வாயைத் திறந்து சொல்லவில்லை. என் வாயில் ஒரு விஷயம் இத்தனை நாள் தங்கியது இதுதான் முதல் தடவை.

உன் அம்மாவுக்கு இந்த லிஃப்ட் பயம் யாரால் வந்தது என்பது உனக்கே தெரியும், சொல்லிக் காட்டாதே. இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நம் வீட்டுச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள என் கதைதான். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒல்லிக் கல்யாண மாப்பிள்ளை கதை, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய் அம்மா அம்மா என்று அழுத வங்கி அதிகாரி கதை, கச்சேரிக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டு உள்ளேயே பாடித் தீர்த்த பாட்டுக்கார அம்மாள் கதை. நடந்தது கையளவு என்றால் நான் சொன்னது கூடையளவு. எல்லாக் கதையிலும் கடைசியில் நான் சாவியோடு வந்து, கதவு இடுக்கில் வாயை வைத்து, பயப்படாதீங்க, நான் வந்துட்டேன் என்பேன். நீ தட்டில் சாப்பாடு ஆறுவது தெரியாமல் கை தட்டுவாய். உன் அம்மா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். என் வீரத்தை நினைத்துப் பூரித்துப்போய் இருக்கிறாள் என்றுதான் நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இருந்தேன். போன மாதம்தான் சொன்னாள், "நீங்க கதவைத் திறந்தவரையே நினைச்சுக்கிட்டு கதை சொன்னீங்க, நான் உள்ள இருந்தவங்களையே நினைச்சுக்கிட்டு கேட்டேன்" என்று. என்னத்தைச் சொல்ல. லிஃப்ட் மெக்கானிக் பெண்டாட்டி, இந்த ஊரில் இத்தனை கட்டிடம் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒன்றில் கூட லிஃப்டில் கால் வைத்ததில்லை. எங்கள் கம்பெனி விருந்து மொட்டைமாடியில் நடந்தபோதும் கேட்டில் காவல்காரரோடு உட்கார்ந்து அவர் மகளின் பாவாடைக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தாள். கொக்கு அவளுக்கு வைத்திருக்கிற பெயரே தரைத்தள அண்ணி.

நீ பரவாயில்லை என்று சொல்லிப் போனை வைத்தாயே, அன்று சாயந்திரம் முழுக்க அவள் தையல் மிஷினில்தான் இருந்தாள். உன் குட்டி ரவுடிக்குச் சட்டை. என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஒரே கையைத் தைக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி தைக்கிறாள். வாடிக்கைக்காரர் கால்சட்டையெல்லாம் மடித்தபடி கிடக்கிறது. நம் பூனை மேனேஜர் அதன் மேல் படுத்துத் தூங்குகிறார், அவருக்கு வேறென்ன வேலை. மறுநாள் காலையில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வந்து, "நீங்க லிஃப்ட் பாக்கறதுலயே ரொம்பக் குட்டையான கட்டிடம் எது" என்று கேட்டாள். டீ மூக்கில் ஏறிவிட்டது. நம் ஊர்க் கட்டிடங்களுக்கு வாசலில் பித்தளை எழுத்தில் என்ன பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும், எங்கள் ஆட்கள் வைத்த பெயர் வேறு. தீப்பெட்டி என்பது பழையது, எங்கள் கல்யாணம் நடந்த வருஷத்தில் ஊரிலேயே உயரம் அதுதான், அதில் வேலை செய்கிறேன் என்று சொல்லித்தான் உன் தாத்தாவிடம் பெண் கேட்டேன், இப்போது அது மற்றவர்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்திருக்கிறது. அதைவிட உயரம் சீப்பு, உச்சியில் வரிசையாகக் கம்பி நட்டிருப்பார்கள். அதைவிட உயரம் ஃபிளாஸ்க், உருண்டையாக மேலே மூடி போட்ட மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பென்சில். நீ போன பிறகு கட்டி முடித்தது, நீ பார்த்ததில்லை. நம் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது திரும்பின பக்கமெல்லாம் அது நிற்கும். சில காலையில் மேகம் இறங்கி வந்து அதன் கூர் தெரியாது, யாரோ சீவி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

தீப்பெட்டியில் ஆரம்பித்தோம். உன் அம்மா கழுத்திலிருந்து இன்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் கிளம்பி வந்துவிட்டாள். லிஃப்ட் கதவைத் துணிக்கடையில் துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி தடவிப் பார்த்தாள். இதை எத்தனை கயிறு தாங்குகிறது என்று கேட்டாள். ஆறு என்றேன். ஒன்று போதாதா என்றாள். "ஒண்ணே போதும், மீதி உனக்காகத்தான்" என்றேன். முதல் நாள் ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், வீட்டுக்குப் போகலாம் என்றாள். அடுத்த நாள் ஒரே ஒரு மாடி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்த இழுப்பில் பொத்தான் தெறித்து ஓடிவிட்டது. இறங்கின உடனே அங்கேயே வாசல் பெஞ்சில் உட்காரவைத்துக் கைப்பையிலிருந்து ஊசிநூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தாள், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு போனார்கள். வார முடிவில் உச்சி வரைக்கும் போனோம். கதவு திறந்ததும் கண்ணைத் திறந்து, "இவ்வளவுதானா, உங்க கதையில இதைவிட நல்லா இருந்துச்சே" என்றாள். சீப்பில் காது அடைத்துக்கொள்ளும், கொட்டாவி விடு சரியாகிவிடும் என்றேன். அவள் விட்ட கொட்டாவியில் லிஃப்டில் இருந்த அத்தனை பேரும் தொற்றிக்கொண்டு கொட்டாவி விட்டபடி அவரவர் ஆபீசுக்குப் போனார்கள், அன்று அந்தக் கட்டிடத்தில் ஒரு வேலையும் நடந்திருக்காது. ஃபிளாஸ்கில் இருப்பது கண்ணாடி லிஃப்ட், ஊர் முழுக்கக் கீழே இறங்குவது தெரியும். அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவைப் பார்த்து நின்றாள். ஏன் என்றால், "ஊரை நான் தினமும் கீழே இருந்து பாக்கறேன், அது போதும்" என்கிறாள். பிறகு வீட்டுக்கு வந்ததும் தைத்த துணியை வாங்க வந்த மாடிவீட்டு நர்ஸ் அக்காவிடம், ஃபிளாஸ்கிலிருந்து பார்த்தால் ஆளெல்லாம் அரிசி மாதிரி தெரிகிறார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். அவள் எங்கே பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை, கதை விடுகிற பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்பாள்.

கடைசியில் பென்சில். "இதுல ஏறி இறங்கிட்டா டிக்கெட் போடுங்க. முடியலைன்னா நானே பொண்ணுகிட்ட வரலைன்னு சொல்லிடறேன், இனிமே இழுத்தடிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அதனால் நீ அங்கே முப்பத்தெட்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டிருந்தாலும் உன் விஷயம் அன்று இங்கே பென்சிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையிலிருந்தே காற்று. இதை நீ கவனமாகக் கேள், அப்போதுதான் பின்னால் நடந்தது புரியும். அவ்வளவு உயரமான கட்டிடம் காற்றில் மெல்ல அசையும், அசைகிற மாதிரிதான் கட்டுவார்கள், அசையாவிட்டால்தான் ஆபத்து. அது அசையும்போது உள்ளே தொங்குகிற நீளக் கயிறும் ஆடும். ஆட்டம் அதிகமானால் லிஃப்ட் தானே வேகத்தைக் குறைக்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும். இது எங்கள் வேலையில் முதல் பாடம். பென்சில் உச்சியில் கொடி விறைத்துக்கொண்டு நின்றதை ரோட்டிலிருந்தே பார்த்தேன். ஆனால் அவள் தலை சீவி, நல்ல செருப்புப் போட்டு, கழுத்தில் வழக்கமான இன்ச் டேப்போடு, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால் அந்த நாளை வரவே வராது. அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் வாய்க்குள் போட்டு மூடிக்கொண்டேன். மடத்தனம்தான், திட்டவேண்டும் என்றால் குழந்தை பிறந்த பிறகு நிதானமாகத் திட்டு.

உள்ளே நாங்கள் இரண்டு பேர், கோட்டு போட்ட ஆபீசர் ஒருவர், முதுகில் பெரிய பையோடு சாப்பாடு கொண்டுபோகிற டெலிவரிக்காரர் ஒருவர். பென்சிலில் உச்சிக்குப் போகிற லிஃப்ட் கீழே கிளம்பினால் பாதிக் கட்டிடம் வரைக்கும் எங்கேயும் நிற்காது. நிற்காத இடத்தில் எதற்கு வாசல் என்று அந்தப் பாதியில் ஒரு மாடியிலும் கதவே வைக்கவில்லை, சுற்றிலும் சுவர்தான். எண் காட்டுகிற பலகையில் கூட எண் வராது, வெறும் அம்புக்குறி. அந்த அம்பைப் பார்த்துக்கொண்டே போனோம். நடுவில் யாரோ தலையில் கை வைத்து அழுத்தின மாதிரி ஒரு அழுத்து, லிஃப்ட் நின்றது. விளக்கு மங்கி மறுபடி எரிந்தது. வெளியே கயிறு சுவரில் டொக்கு டொக்கு என்று இடிக்கிற சத்தம் கேட்டது.

கண்ணு, உன்னிடம் சொல்வதற்கு என்ன. இத்தனை வருஷத்தில் எத்தனை லிஃப்ட் திறந்திருக்கிறேன், ஒரு தடவை கூட நின்ற லிஃப்டுக்குள் நான் இருந்ததில்லை. எப்போதும் கதவுக்கு வெளியேதான் நான், கையில் சாவி, பக்கத்தில் ஆள். அன்று சாவி, டார்ச், கருவிப்பை எல்லாம் கம்பெனி அலமாரியில் இருக்கிறது, என் பையில் இருப்பது வீட்டுச் சாவியும் கைக்குட்டையும். ஆபீசருக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் ஏதோ ஒரு மாடி இருக்கிறது என்று நம்பிக்கை, அவர் பாட்டுக்கு எல்லாப் பொத்தானையும் அழுத்துகிறார். எனக்குத்தான் தெரியும், பின்னால் மாடியும் இல்லை மண்ணும் இல்லை, சுவர். டெலிவரிக்காரர் என்னைப் பார்த்து, "இப்ப என்னண்ணே ஆகும்" என்று கேட்கிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. உள்ளங்கை வேர்வையைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து ஈரம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எல்லாரும் உட்காருங்க. நின்னாத்தான் கால் நடுங்கும். ஐயா, அந்தப் பொத்தானை விடுங்க, அது என்ன பண்ணுச்சு உங்களை. மணி படம் போட்டது ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை மட்டும் அழுத்திப் பிடிங்க, ஆள் பேசுவாங்க. கதவை யாரும் நோண்டக் கூடாது. காத்து வர்றதுக்கு மேல ஓட்டை இருக்கு, மூச்சு முட்டாது" என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதெல்லாம் நான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது, ஒரு சொல் மாறாமல் திரும்பி வருகிறது. பயந்து பயந்து கேட்டவள் அத்தனையையும் பாடமாக வைத்திருக்கிறாள். ஆபீசர் அசந்துபோய் நீங்கள் லிஃப்ட் கம்பெனியா என்று கேட்டார். "நான் இல்லைங்க, எங்க வீட்டுக்காரர். அவர் திறக்காத லிஃப்டே இந்த ஊர்ல கிடையாது" என்று என்னைக் காட்டினாள். நான் அப்போது என் வாயையே திறக்க முடியாமல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆபீசரின் கோட்டில் ஒரு பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, அது அவள் கண்ணில் பட்டுவிட்டது. "கழட்டிக் குடுங்க, சும்மாதானே இருக்கோம்" என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்தாள். ஒரே முயற்சியில் கோர்த்தாள். நான் அதைப் பார்த்தேன். டெலிவரிக்காரர் சாப்பாடு ஆறிவிட்டால் வாங்குகிறவர் திட்டுவார் என்று புலம்ப, "திட்டினா எங்க மூணு பேரையும் கூப்பிடுங்க, வந்து சொல்றோம்" என்று அவரையும் உட்காரவைத்தாள்.

அப்போது பேசுகிற துளை வழியாகக் குரல் வந்தது, யார் உள்ளே, எத்தனை பேர் என்று. கொக்கு குரல். அன்று பென்சிலில் அவனுக்குத்தான் டியூட்டி. இப்போது நான் பேசித்தான் ஆகவேண்டும். "கொக்கு, நான்தாண்டா" என்றேன். வெளியே வந்தது ஆட்டுக்குட்டிக் குரல். அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, நீங்களா, என்னண்ணே குரல் இப்படி நடுங்குது" என்கிறான். அந்தப் பேச்சு கண்ட்ரோல் ரூம் முழுக்கக் கேட்கும். எங்கள் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியும், ஒருத்தன் வாளியில் தடுக்கி விழுந்தால் அவன் ரிட்டையர் ஆகும் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதிலும் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவனே நான்தான். எல்லாரும் பழி தீர்க்கக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கதை அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். உன் அம்மா ஊசியைக் கோட்டில் குத்தி நிறுத்திவிட்டு, எழுந்து வந்து துளையில் வாயை வைத்து, "தம்பி, அது என்னாலதான். நான் பயத்துல அவர் கழுத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கேன், அவருக்குக் குரலே வர மாட்டேங்குது. எனக்கு உசிரே இல்ல தம்பி, சீக்கிரம் வாங்க" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பொத்தானைத் தைத்தாள். கொக்கு பதறிப்போய், "அண்ணி, பயப்படாதீங்க, நாங்க வந்துட்டோம்" என்கிறான், என் வசனத்தை எனக்கே போடுகிறான். ஆபீசர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். டெலிவரிக்காரர் பையின் ஜிப்பைச் சரி செய்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷங்க இரண்டு பேரும், கொக்கிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு லிஃப்ட் மெல்ல ஊர ஆரம்பித்தது, மேல் பக்கமாக. கீழே இறக்குவார்கள் என்று பார்த்தால் மேலே போகிறதே என்று ஆபீசர் அலறினார். லிஃப்டுக்கு மறுபக்கம் ஒரு பெரிய எடை தொங்கும், உள்ளே ஆள் குறைவாக இருந்தால் அந்தப் பக்கம்தான் கனம், பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் லிஃப்ட் மேலே போகும். இதை நான் சொல்ல வேண்டியது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ஆள் கம்மின்னா மேலதாங்க போகும், ஒரு ஒல்லி மாப்பிள்ளையை எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் மேல ஏத்தி எடுத்தார்" என்றாள். முதல் வாசல் இருக்கிற மாடி வந்து கதவு திறந்தபோது கொக்கும் இன்னும் நாலு பேரும் நிற்கிறார்கள். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை, எல்லாரும் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதும் விசிறுவதும்தான். "ரொம்பப் பயந்துட்டீங்களா அண்ணி" என்றான் கொக்கு. "ஐயோ தம்பி, இவர் மட்டும் பக்கத்துல இல்லைன்னா நான் போயே சேர்ந்திருப்பேன்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னாள் பார், சினிமாவில் சேர்ந்திருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம். பாட்டிலில் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தாள். எனக்குத்தான் அது தேவைப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

அவர்கள் லிஃப்டைப் பார்க்கப் போனதும் அவளாகவே எழுந்து கண்ணாடி ஓரத்துக்குப் போனாள். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. கீழே ஃபிளாஸ்க், சீப்பு, தீப்பெட்டி மூன்றும் நம் சமையலறைப் பரணில் அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. மஞ்சள் தண்ணீர்த் தொட்டியை வைத்து நம் தெருவைக் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு, "பொண்ணும் இப்படித்தான் தினமும் தனியா நின்னு கீழ பாத்துக்கிட்டு இருப்பாளா" என்று கேட்டாள். மாப்பிள்ளை இருக்கிறாரே என்றேன். "அவர் வேலைக்குப் போனப்புறம்" என்றாள். நான் பாட்டிலில் இருந்த மீதித் தண்ணீரைக் குடித்தேன். "டிக்கெட் போடுங்க" என்றாள்.

காற்று அடங்கி லிஃப்ட் மறுபடி ஓட ஆரம்பித்தபோது நான் மெதுவாக, உனக்குப் பயமாக இருக்குமே, படியில் இறங்கிவிடலாமா என்று கேட்டேன். "எனக்கா" என்று கேட்டாள், அவ்வளவுதான், உள்ளே போய் நின்றுகொண்டாள். நானும் போனேன். பாதி தூரம் இறங்கின பிறகுதான் கவனித்தேன், அவள் கழுத்தில் தொங்கின இன்ச் டேப்பின் நுனியை பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விடப் பார்த்தேன். "பிடிச்சுக்குங்க" என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டே.

ஆக, வருகிறாள். டாக்டர் சொன்ன தேதிக்கு முந்தின வாரமே வந்துவிடுவாள். மாப்பிள்ளையை விமான நிலையத்துக்கு வரச் சொல். உன் துணி அலமாரியைப் பூட்டி வை, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துவிடுவாள். எனக்கு இப்போது லீவு கிடையாது, குழந்தை பிறந்த பிறகு வருகிறேன். அதுவரைக்கும் இங்கே நானும் மேனேஜரும் எனக்குத் தெரிந்த ஒரே சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு இருப்போம். நீ ஒருக்களித்துப் படு, சாயந்திரம் கொஞ்ச தூரம் நட, போனில் பிரசவ வீடியோ பார்த்து மிரளாதே.

கடைசியாக ஒன்று. இங்கே இப்போது நான் பெரிய புலி. பெண்டாட்டி அலறும்போது அண்ணன் எப்படிக் கல் மாதிரி நின்றார் என்று கொக்கு எல்லாருக்கும் கை கால் வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மறந்து வைத்துவிட்டு வந்த என் சாப்பாட்டைக் கொடுக்க நேற்று உன் அம்மா வந்தாள், "பயப்படாம வாங்க அண்ணி, இது தரைதான்" என்று கிண்டல் செய்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "நீங்க நாளைக்கும் அங்க போயி வேலை பாக்கணும். எங்கிட்ட ஏற்கெனவே எவ்வளவோ பயம் இருக்கு, அதோட இதுவும் ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும், கனமாவா இருக்கு" என்றாள். அதனால் நீ என்னிடம் சொன்னாயே, அதை அவள் வந்ததும் நீயே அவளிடம் சொல்லிவிடு. எதையும் மறைக்காதே. உன் பயத்தை அப்படியே எடுத்து அவள் கையில் கொடுத்துவிடு. டாக்டர், நர்ஸ், மாப்பிள்ளை எல்லாரிடமும் தனக்குத்தான் பயம் என்று சொல்லிக்கொண்டு உன் பக்கத்திலேயே நிற்பாள். ஊசியில் நூல் கோர்த்த கை அது, நடுங்காது. பென்சில் கதையை உன்னிடமும் தான் அலறினதாகத்தான் சொல்வாள். சிரித்துத் தொலைக்காதே, வாயைப் பிளந்துகொண்டு கேள், ஐயோ அப்புறம் என்னம்மா ஆச்சு என்று இரண்டு தடவை கேள். இந்தக் கடிதத்தை அவள் வருவதற்குள் அவள் கண்ணில் படாத இடத்தில் வை.

நீயும் மாப்பிள்ளையும் வரப்போகிற பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், சிரிப்புக் குறையாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழுந்து வா என் தங்கமே, அப்பாவின் ஆசீர்வாதம் முழுக்க உனக்குத்தான். மறந்துவிடாதே, உங்கள் கட்டிடத்து லிஃப்டில் ஏறுவதற்கு முன்னால் இதை எத்தனை கயிறு தாங்குகிறது என்று உன் அம்மா கேட்பாள். ஒன்றே போதும், மீதியெல்லாம் உனக்காகத்தான் என்று சொல்.

இப்படிக்கு,
இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்த புலி,
உன் அப்பா